கீழ்க்கட்டளையின் பம்பாய்க்காரி

எல்லம்மா ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட செய்தி எல்லம்மாவுக்கே தெரியவந்தது 1996-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில், கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு அவள் நின்றுகொண்டிருந்தபோதுதான்.

செய்தியைக் கொண்டுவந்தவர் துரைராஜ். பல்லாவரத்துக்காரர். பன்னிரண்டு வருஷம் அவளோடு ஒரே மேடையில் டிரம்பெட் வாசித்தவர். டி.வி.எஸ். பிப்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பைக்குள்ளிருந்து வழவழவென்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். எழும்பூரில் இருக்கிற ஹோட்டல் சில்வர் கேட், தன்னுடைய 'கோரல் ரூம்' நைட் கிளப்புக்கு இருபத்தைந்து வயது ஆனதைக் கொண்டாட அச்சடித்த புத்தகம் அது. அங்கே நடந்த பாட்டுக் கச்சேரிகளின் வரலாறு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவளுடைய படம். வெள்ளி ஜரிகை கவுன், கையில் மைக். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி.

"இன்னா போட்டுகீறான், படிண்ணா" என்றாள்.

துரைராஜ் தமிழில் சொன்னார். "மிஸ் எல்லா. கோவாவில் பிறந்து பம்பாயிலிருந்து நமக்குக் கிடைத்த குரல். உள்ளூரில் ஆங்கிலப் பாட்டுப் பாட ஆளே இல்லாத காலத்தில் கோரல் ரூமுக்கு உயிர் கொடுத்தவர். பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்."

"இன்னொருவாட்டி படி."

இன்னொரு தடவை படித்தார். ஆஸ்திரேலியாவை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோவாவைக்கூட விட்டுவிட்டிருப்பாள். 'உள்ளூரில் ஆளே இல்லாத காலம்' என்ற இடத்தில்தான் அவளுக்குக் காது ஜிவ்வென்று அடைத்தது. முப்பத்தொன்பது வயசு வரைக்கும் அவள் திரிசூலம் மலையைத் தாண்டி வேறு எந்த ஊரில் குடியிருந்தாள்?

அவளுடைய அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தவர். அம்மா பல்லாவரத்தில், ரயில் இன்ஜின் ஓட்டுகிற ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு ரேடியோகிராம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இசைத்தட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும். கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தபடியே எல்லம்மா ஒவ்வொரு பாட்டையும் மூச்சு வாங்குகிற இடம் முதற்கொண்டு பிடித்துவைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் இது அழுகிறவள் பாட்டு, இது கோபித்துக்கொண்டு போகிறவள் பாட்டு என்பது தெரியும்.

1980-இல் பல்லாவரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. துரைராஜின் வாத்தியக் குழு உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவப் பின்பக்கம் வந்தவர், அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண் தான் இப்போதுதான் வாசித்துவிட்டு வந்த பாட்டைப் பாடுவதைக் கேட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வாரமே அவளைச் சில்வர் கேட்டுக்கு அழைத்துப் போனார்.

கோரல் ரூமை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் பத்ரிநாராயணன் என்ற மேனேஜர். காலை பதினோரு மணிக்கு, நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்த காலி ஹாலில், கண்ணை மூடிக்கொண்டு அவள் பாட்டைக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, அவளுடைய நூல் புடவையையும் ரப்பர் செருப்பையும் பார்த்தார்.

"குரல் ஃபர்ஸ்ட் கிளாஸ். பேர் என்ன?"

"எல்லம்மா, சார்."

"எந்த ஊர்?"

"கீழ்க்கட்டளை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "போர்டுல எல்லம்மான்னு எழுதினா, கூழ் ஊத்தறாங்கன்னு நினைச்சு அவனவன் சொம்பைத் தூக்கிண்டு வந்துடுவான். இன்னிலேர்ந்து நீ எல்லா. மிஸ் எல்லா, ஃப்ரம் பாம்பே."

குழுவுக்கும் 'பாம்பே ஃபைவ்' என்று பெயர் வைத்தார். துரைராஜ் 'டியூக்' ஆனார். டிரம்ஸ் வாசித்த சிட்டிபாபு, கோவிலம்பாக்கத்தில் நஞ்சை புஞ்சையோடு இருந்த வீட்டுப் பிள்ளை, 'சார்லி' ஆனான். ஐந்து பேரில் ஒருவர்கூட அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் ரயிலேறியவர் இல்லை. அதோடு மூன்று கட்டளைகள். முன்வாசல் வழியாக வரக்கூடாது, கிச்சன் வழியாகத்தான் வரவேண்டும். விருந்தாளிகளிடம் ஊர் பேச்சு பேசக்கூடாது. எது நடந்தாலும் ஹாலுக்குள் ஒரு வார்த்தை தமிழ் வாயில் வரக்கூடாது.

வேலை வேண்டும், பாடவும் வேண்டும். எல்லம்மா தலையாட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் பாடினாள். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த நாற்பது பக்க நோட்டுகள் ஏழு சேர்ந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் துரைராஜிடம் அர்த்தம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்வாள். கடைசி வரிக்கு முன்னால் அரை நொடி பிடித்து நிறுத்துவது அவள் வழக்கம். அந்த அரை நொடியில் சிட்டிபாபு தாளத்தை அப்படியே தொங்கவிட்டுக் காத்திருப்பான். ஹாலில் கண்ணாடித் தம்ளர் சத்தம்கூட நின்றுபோகும். அவள் வந்து இறங்கிய பிறகுதான் ஜனங்களுக்கு மூச்சு வரும். அப்படி இன்னொரு பாட்டுக்காரி மெட்ராஸில் இல்லை என்று பாம்பேயிலிருந்து நிஜமாகவே வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் சிரித்துக்கொண்டு, 'தேங்க்யூ' என்பாள். அவ்வளவுதான் அனுமதி.

அவள் புருஷன் வேதாசலம் குரோம்பேட்டையில் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்தான். கடைசி ரயிலில் வருகிறவளுக்காகப் பல்லாவரம் ஸ்டேஷனில் சைக்கிளோடு நிற்பான். "அங்க இன்னா பண்ற?" என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னிக்கு இன்னா பாடின?" என்றுதான் கேட்பான்.

1985-இல் ஒரு சனிக்கிழமை. மேடைக்கு முன்னால் மூன்றாவது மேஜையில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மனை வியாபாரிகள். அதில் ஒருவரை எல்லம்மாவுக்குத் தெரியும். கீழ்க்கட்டளை சுப்பராயலு. ஏரிக்கரை நிலத்தைப் பிளாட் போட்டு விற்றுப் பெரிய மனுஷர் ஆனவர். ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர். தெருவில் அவள் தினம் பார்க்கிற முகம். ஆனால் கவுனும் லிப்ஸ்டிக்குமாக நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் இருந்தவரிடம், மேடைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "கறுப்பா இருந்தாலும் கட்டை நல்லா கீதுபா. பம்பாயில இதும்மாதிரி சரக்குக்கு ரேட்டு இன்னா இருக்கும்?"

நாலு பேரும் சிரித்தார்கள். துரைராஜுக்குக் கேட்டது. சிட்டிபாபுவுக்கும் கேட்டது. எல்லம்மா அந்தப் பாட்டை ஒரு சுருதி பிசகாமல் முடித்தாள். சுப்பராயலு கைதட்டினார். அவள் தலைகுனிந்து 'தேங்க்யூ' சொன்னாள். சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. கடை இருந்தது சுப்பராயலுவின் கட்டடத்தில். வாசலில் நாற்காலி போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு அவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லம்மா வரிசையை விட்டு நகர்ந்து அவர் எதிரே போய் நின்றாள்.

"இன்னாண்ணா, சனிக்கெழம பம்பாய் ரேட்டு கேட்டுகினு இருந்தியே. கீழ்க்கட்டளை ரேட்டு தெரிஞ்சுக்கிறியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் மெல்ல மெல்ல அடையாளம் ஏறியது.

"செருப்பு ஜோடி பன்னெண்டு ரூபா" என்றாள். "வேணும்னா ஒத்தைக்காலுதும் தரேன்."

வரிசையில் இருந்த பெண்களுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சுப்பராயலு பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அன்று மத்தியானமே சில்வர் கேட்டுக்குப் போன் போட்டார்.

பத்ரிநாராயணன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை. "ஒரு கெஸ்ட்டை நடுத்தெருவுல அவமானப்படுத்தியிருக்கே."

"அவரு இன்னா சொன்னாருன்னு கேளுங்க சார்."

"அது எப்படி உன் காதுல விழுந்தது? உனக்குத்தான் தமிழே தெரியாதே! ஞாபகம் இருக்கா?"

ரெண்டு வாரம் பாட விடவில்லை. ஆங்கிலத்தில் டைப் அடித்த மன்னிப்புக் கடிதத்தில் 'எல்லா' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மறுபடி மைக்கைக் கொடுத்தார்கள். ஊரிலும் விஷயம் பரவியது. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அந்த வருஷம் திருவிழாக் கமிட்டி வரி வாங்காமலே அவள் வீட்டைத் தாண்டிப் போனது. அங்கே போய்க் குடித்தவர் கமிட்டித் தலைவராகவே இருந்தார். பாடியவள் கெட்டுப்போனவள் ஆனாள். வேதாசலம் ஒன்றே ஒன்று சொன்னான்: "ஒத்தைக்காலு செருப்பையாவது குடுத்துட்டு வந்திருக்கலாம்."

1992-இல் கோரல் ரூமில் மேடையை இடித்து எடுத்தார்கள். அந்த இடத்தில் கண்ணாடிக் கூண்டு வந்தது. உள்ளே ஒரு ஆள் காதில் மாட்டிக்கொண்டு டிஸ்க் போடுவான். பாம்பே ஃபைவுக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டார்கள். எல்லம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில், சட்டைகளில் தையல் பிசகு பார்க்கிற வேலைக்குப் போனாள். அதற்காகக்கூட அவள் யாரையும் சபிக்கவில்லை. காலம் மாறினால் பாட்டும் மாறும், போகட்டும் என்றுதான் இருந்தாள்.

ஆனால் நடந்ததையே நடக்கவில்லை என்று அச்சடித்தால்?

துரைராஜ் புத்தகத்தைக் காட்டியதற்கு மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எழும்பூர் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக சில்வர் கேட்டின் முன்வாசலில் நின்றாள். தலைப்பாகைக் காவலாளி, "பின்னால போம்மா, வேலைக்கு ஆள் எடுக்கறது அந்தப் பக்கம்" என்றான்.

"நான் வேலை கேட்டு வரல. இங்க பன்னெண்டு வருஷம் வேலை செஞ்சவ. உன் ஜெனரல் மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு, பன்னெண்டாம் பக்கம் வந்து நிக்குதுன்னு."

பத்ரிநாராயணன்தான் இப்போது ஜெனரல் மேனேஜர். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, பிறகு கையை விரித்துக்கொண்டு வந்தார். "எல்லா! வா வா வா!"

அவள் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "நான் எங்க சார் பொறந்தேன்?"

"அட, அதை விடு. அதெல்லாம் ஒரு கிளாமருக்காக..."

"உங்களுக்குத் தெரியும். நீங்கதான் பேரை மாத்துனீங்க. தெரிஞ்சே எழுதிகீறீங்க. உள்ளூர்ல ஆளே இல்லைன்னு எழுதிகீறீங்களே, டிரம்பெட் பல்லாவரம், டிரம்ஸ் கோவிலம்பாக்கம், நான் கீழ்க்கட்டளை. இதுல எந்த ஊரு சார் ஆஸ்திரேலியாவுல கீது?"

அவர் சிரித்தார். அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு யோசனை வந்தது. "கோபப்படாதே. சனிக்கிழமை ஃபங்ஷன். சாயங்காலம் ஆறு மணிக்கு. பிரஸ்ஸெல்லாம் வராங்க. நீ வந்து ரெண்டு பாட்டுப் பாடு. மிஸ் எல்லா, ஆஸ்திரேலியாலேர்ந்து நமக்காகவே பறந்து வந்திருக்காங்கன்னு அனௌன்ஸ் பண்றேன். ஹாலே எழுந்து நிக்கும். பழைய கவுன் இருக்கா?"

எல்லம்மா புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "பாடறேன் சார். துரைராஜ் அண்ணனும் சிட்டிபாபுவும் வருவாங்க. அவங்க இல்லாம இல்ல."

சனிக்கிழமை அவள் கவுன் போடவில்லை. அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இப்படித்தான் ஆசையாகக் கட்டிக்கொள்வார்கள் என்று பத்ரிநாராயணன் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டார். அனௌன்ஸ்மென்ட் அவர் சொன்னபடியே நடந்தது. நாலு வருஷம் மைக்கைத் தொடாத குரல் முதல் வரியில் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவது வரியில் தெளிந்துவிட்டது. கடைசி வரிக்கு முன்னால் அவள் நிறுத்தினாள். சிட்டிபாபு குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். அவள் இறங்கியபோது ஹால் நிஜமாகவே எழுந்து நின்றது.

கைதட்டல் அடங்கட்டும் என்று பொறுத்திருந்து, அவள் மைக்கில் பேசினாள். அந்த ஹாலில் விருந்தாளிகள் முன்னால் அவள் பேசிய முதல் தமிழ்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு எல்லம்மா. நான் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வரல. டவுன் பஸ்ஸுல தொங்கிகினு கீழ்க்கட்டளையிலேர்ந்து வரேன்."

ஹால் குலுங்கிச் சிரித்தது. சிலர் விசிலடித்தார்கள். ஆஸ்திரேலியாக்காரி எவ்வளவு அழகாக மெட்ராஸ் பாஷை பேசுகிறாள்!

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. "நெசமாத்தான் சொல்றேன். எங்கப்பா திரிசூலத்துல கல்லு உடைச்சவரு. இவரு டியூக் இல்ல, பல்லாவரம் துரைராஜ். இவன் சார்லி இல்ல, கோவிலம்பாக்கம் சிட்டிபாபு. புக்குல போட்டது அத்தினியும்..."

முன்வரிசையில் ஒன்றிரண்டு முகங்களில் சிரிப்பு நின்றுபோனது. அதைப் பத்ரிநாராயணனும் பார்த்தார். கண்ணாடிக் கூண்டுப் பக்கம் திரும்பி விரலைச் சொடுக்கினார். டிஸ்க் அலறியது. மைக் செத்தது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது; ஜனங்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை ஆங்கிலப் பேப்பரில் செய்தி வந்தது. 'ஆஸ்திரேலியாவிலிருந்து பறந்து வந்த மிஸ் எல்லா, உள்ளூர்ப் பேச்சைப் பிரமாதமாக நடித்துக் காட்டி அரங்கைச் சிரிக்கவைத்தார்.' எழுதியவர் பெயர் ஏகநாதன்.

எல்லம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. "என் பேச்ச நானே நடிச்சுக் காட்டினேனாம்யா" என்று வேதாசலத்திடம் சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது. மறுநாள் ரேஷன் கார்டு, ஏழு நோட்டு, துரைராஜ், சிட்டிபாபு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு அந்தப் பேப்பர் ஆபீஸுக்குப் போனாள்.

ஏகநாதன் சின்ன வயசுக்காரர். கார்டில் 'எல்லம்மா, க/பெ வேதாசலம், கீழ்க்கட்டளை' என்று இருந்ததைப் பார்த்து முகம் வெளுத்தார்.

"மேடம், ஹோட்டல்ல குடுத்த பிரஸ் நோட்டை வச்சுத்தான் எழுதினேன். நீங்க பேசினதும் ஷோல ஒரு பார்ட்னு நினைச்சுட்டேன்."

"நீங்க பக்கத்துலதானே உக்காந்துகினு இருந்தீங்க? எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் கார்டை மேஜையில் வைத்தார்.

"சரி, இப்ப எழுதுங்க. பேனா எடுங்க."

ஹோட்டல் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கல்கத்தாவிலிருந்து வந்ததாகப் போட்டிருந்த பியானோக்காரர் பெரம்பூர். கோவாக் கிடாரிஸ்ட் மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் இன்னும் இருக்கிறார். துரைராஜுக்கும் சிட்டிபாபுவுக்கும் தெரிந்த பெயர், தெருப் பெயர், யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்பது எல்லாம் சொன்னார்கள். ஏகநாதன் மூன்று மணி நேரம் எழுதினார். இடையில் கேன்டீன் டீ வந்தது. அவள் தொடவில்லை.

பதினைந்து நாள் கழித்து உள்பக்கத்தில், அரைப் பத்தி அளவுக்கு வந்தது. பதினொரு பேருடைய நிஜப் பெயரும் ஊரும் இருந்தன. மாடம்பாக்கத்துக் கிடாரிஸ்ட் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகத் துரைராஜ் வந்து சொன்னார். ஹோட்டல் தரப்பில், மேடைப் பெயர் வைப்பது அந்தக் கால வழக்கம், யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று ரெண்டு வரி பதில் வந்தது. புத்தகத்தைத் திருத்தி அச்சடிப்பதாக ஒரு வார்த்தையும் இல்லை. அதே புத்தகத்தை ரிசப்ஷனில் அடுக்கிவைத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏகநாதன் ஒருநாள் கீழ்க்கட்டளைக்கே வந்து, "இப்ப திருப்தியா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் எல்லம்மா. "வந்ததுக்கு நன்றி தம்பி. ஆனா திருப்தி இல்ல. அந்தாளு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பால பாக்கலாம்."

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, தபால்காரர் கனத்த உறை ஒன்றைக் கொண்டுவந்தார். சில்வர் கேட் முத்திரை. மேலே டைப் அடித்திருந்தது: 'மிஸ் எல்லா, கீழ்க்கட்டளை.'

"உனக்குத்தானேம்மா?" என்றார் தபால்காரர்.

எல்லம்மா உறையைக் கையில் வாங்கி, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு அவர் காதில் செருகியிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, உறையின் மேலேயே தமிழில் எழுதினாள்: 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.' திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த வேதாசலம் பம்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "உள்ள இன்னா வச்சிருந்தானோ, பிரிச்சாவது பாத்திருக்கலாமே?"

"இன்னா வச்சிருந்தா எனக்கு இன்னா? நீ காத்தடி, ஷிப்டுக்கு நேரமாவுது" என்றாள்.